விஎம் ஸ்டார்ட் ஆகலையா? வண்டி எந்த ஸ்டேஷன்ல நிக்குதுன்னு பாருங்க

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்கு நாம பேசப் போறது விர்ச்சுவல் மெஷின் பத்தி. சுருக்கமா விஎம். ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுற வித்தை. வெளியில இருக்கிற நிஜ மெஷினுக்கு ஹோஸ்ட்னு பேரு. உள்ள ஓடுறது கெஸ்ட். ரெண்டுக்கும் நடுவுல உட்கார்ந்து பங்கு பிரிச்சுக் கொடுக்கிறது ஹைப்பர்வைசர். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், கேவிஎம், ஹைப்பர்-வி எல்லாமே இந்த ரகம்தான்.

இதுல எனக்கு அதிகமா வர்ற கேள்வி ஒண்ணே ஒண்ணு. "அண்ணா, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினா சிவப்பா ஒரு எரர் வருது. என்ன பண்றது?" கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட். அதுக்குக் கீழயே, "ஃபிரெண்டு எல்லாத்தையும் அழிச்சுட்டு திரும்பப் போடச் சொல்றான், போடலாமா?"

போடாதீங்க. இன்னிக்கு எபிசோடே அதுக்குத்தான்.

இது யாருக்கான பிரச்சினை?

அண்ணா பல்கலைக்கழகத்தோட 2017 ரெகுலேஷன்ல கிளவுட் கம்ப்யூட்டிங் லேப்னு ஒண்ணு உண்டு. அதுல முதல் எக்ஸ்பெரிமென்ட் என்ன தெரியுமா? விண்டோஸ் 7 அல்லது 8 மேல விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனோ போட்டு, அதுக்குள்ள லினக்ஸ் மாதிரி வேற ஒரு ஓஎஸ்ஸை ஓட்டிக் காட்டணும். ரெண்டாவது, அந்த விஎம்முக்குள்ள சி கம்பைலர் போட்டு புரோகிராம் ஓட்டணும். அப்படியே போய் ஹடூப் வரைக்கும் நீளும். முதல் படியில கால் வைக்க முடியலைன்னா பல படிகள் நமக்கு இல்லை.

விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் அண்ணா பல்கலைக்கழகத்தோட உறுப்புக் கல்லூரிகள் இருக்கு. அது போக அரசு கலைக் கல்லூரிகள்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பசங்க. பல பேர் கையில இருக்கிறது வீட்டுல அண்ணனோ அக்காவோ பயன்படுத்தின லேப்டாப். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்னிக்கு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்குச்சு இல்லையா, அந்த வரிசையில வந்த மெஷின்கள் இன்னும் எத்தனையோ வீடுகள்ல உழைச்சுக்கிட்டுதான் இருக்கு. அதுல விஎம் ஸ்டார்ட் ஆகலைன்னா அந்தப் பசங்க முதல்ல நினைக்கிறது, "நம்ம லேப்டாப் வேஸ்ட்." அடுத்ததா, "எனக்கு இதெல்லாம் வராது."

ரெண்டுமே பெரும்பாலும் உண்மை இல்லை. "விண்டோஸ் 7 அல்லது 8 மேல" அப்படிங்கிற அந்த வரி சொல்ற காலத்துக்கும் இன்னிக்கும் நடுவுல, கீழ இருக்கிற தரையே மூணு தடவை நகர்ந்திருக்கு.

ஒண்ணு, 2019 டிசம்பர்ல வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.1. அதுக்கு முன்னாடி, பிராசசர் உதவி இல்லாமலேயே 32-பிட் கெஸ்ட்டை சாஃப்ட்வேர் மூலமா ஓட்டிக்கலாம். 6.1-ல அந்த வழியை எடுத்துட்டாங்க. பிராசசர்ல விர்ச்சுவலைசேஷன் வசதி இருந்தாத்தான் வண்டி நகரும்.

ரெண்டு, 2021 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 11. புதுசா இன்ஸ்டால் பண்ற பல மெஷின்கள்ல மெமரி இன்டக்ரிட்டின்னு ஒரு பாதுகாப்பு வசதி தானா ஆன் ஆகியிருக்கும். அது ஓடுறதே ஹைப்பர்-வி மேலதான்.

மூணு, 2024 நவம்பர்ல வந்த லினக்ஸ் கெர்னல் 6.12. அதுவரைக்கும் கேவிஎம், ஒரு விஎம் ஓடும்போது மட்டும் பிராசசரோட விர்ச்சுவலைசேஷன் வசதியைக் கையில எடுக்கும். 6.12-ல இருந்து கேவிஎம் மாட்யூல் லோடு ஆகும்போதே எடுத்து வெச்சுக்குது.

ஆக, சீனியர் கொடுத்த ரெக்கார்டு நோட்டுல இருக்கிறபடி அச்சு பிசகாம செஞ்சாலும் இன்னிக்கு நிக்கலாம். அதனால மனப்பாடத் தீர்வு உதவாது. எங்க நின்னுச்சுன்னு கண்டுபிடிக்கிற முறைதான் உதவும்.

திண்டிவனத்துல இருந்து விழுப்புரம் வரைக்கும்

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை ரயில் கணக்குல சொன்னா சட்டுனு புரியும். திண்டிவனத்துல கிளம்பின பாசஞ்சர், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டித்தான் விழுப்புரம் வரும். விழுப்புரம் பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு "வண்டி வரலை, வண்டி வரலை"ன்னு புலம்பினா பிரயோஜனம் இல்லை. எந்த ஸ்டேஷனைத் தாண்டுச்சு, எங்க நிக்குதுன்னு கேட்கணும். பேரணியைத் தாண்டிட்டான்னு தெரிஞ்சா மயிலத்துல போய்த் தேட வேண்டியதில்லை.

விஎம்முக்கும் இப்படித்தான். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினதும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா சில வேலைகள் நடக்கும். ஒவ்வொண்ணும் நின்னா ஒவ்வொரு மாதிரி அடையாளம் காட்டும். வரிசையாப் போவோம். உதாரணத்துக்கு விர்ச்சுவல்பாக்ஸையே எடுத்துக்கிறேன், ஏன்னா மாணவர்கள் அதிகம் பயன்படுத்துறது அதுதான்.

திண்டிவனம்: செட்டிங் ஃபைல்

வண்டி கிளம்பவே இல்லைன்னா பிரச்சினை இங்க. விஎம் பேருக்குப் பக்கத்துல "இன்ஆக்சஸிபிள்"னு காட்டும். ஸ்டார்ட் பட்டனையே அழுத்த முடியாது.

ஒரு விஎம்னா அது ஒரு ஃபோல்டர்தான். உள்ள முக்கியமா ரெண்டு விஷயம். விடிஐன்னு முடியிற பெரிய ஃபைல், அதுதான் ஹார்டு டிஸ்க். உங்க உழைப்பு மொத்தமும் அதுக்குள்ள. விபாக்ஸ்னு முடியிற சின்ன ஃபைல், எவ்வளவு ராம், எந்த டிஸ்க்னு குறிச்சு வெச்சிருக்கிற சீட்டு. இந்தச் சீட்டு கிழிஞ்சாலும் இன்ஆக்சஸிபிள்தான். ஆனா சீட்டு கிழிஞ்சா சரக்கு போச்சுன்னு அர்த்தம் இல்லை. இதை மனசுல வெச்சுக்கங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

இதே ஸ்டேஷன்ல இன்னொரு சிக்கல், சேவ்டு ஸ்டேட். விஎம்மை ஷட் டவுன் பண்ணாம அப்படியே உறைய வெச்சுட்டுப் போயிருப்பீங்க. அதுக்குள்ள விர்ச்சுவல்பாக்ஸ் வெர்ஷனோ மெஷினோ மாறியிருந்தா, அந்த உறைஞ்ச நிலையில இருந்து எழுந்திருக்க முடியாது. "டிஸ்கார்டு சேவ்டு ஸ்டேட்" கொடுத்தா போதும். அது கம்ப்யூட்டரோட பிளக்கைப் பிடுங்குறதுக்குச் சமம். அன்னிக்குத் திறந்து வெச்சு சேவ் பண்ணாம விட்டது போகும். டிஸ்க்கு அப்படியே இருக்கும்.

மயிலம்: டிரைவர்

விர்ச்சுவல்பாக்ஸ் சாதாரண ஆப் இல்லை. ஹோஸ்டோட கெர்னலுக்குள்ள அதோட டிரைவர் ஒண்ணு ஏறணும். லினக்ஸ்ல "கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு"ன்னு வந்தா இங்கதான் நிக்குது. நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னிக்கு அப்டேட் போட்ட பிறகு ஓடலைன்னா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும். கெர்னல் மாறும்போதெல்லாம் அந்த டிரைவரைப் புதுசா கட்டணும். அதுக்கு அந்தக் கெர்னலோட ஹெடர்ஸ் பேக்கேஜ் வேணும். அதை இன்ஸ்டால் பண்ணிட்டு, ரூட் உரிமையோட "விபாக்ஸ்கான்ஃபிக்" கமாண்டை ஓட்டினா பெரும்பாலும் சரியாகிடும்.

கட்டிட்டேன், அப்பவும் ஏறலைன்னா? செக்யூர் பூட் ஆன்ல இருக்கான்னு பாருங்க. கையெழுத்து இல்லாத டிரைவரை அது உள்ள விடாது. உபுண்டுல டிரைவர் இன்ஸ்டால் ஆகும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீபூட் ஆனதும் நீலத் திரை ஒண்ணு வந்து, இந்தக் கையெழுத்தை ஏத்துக்கலாமான்னு கேட்கும். பல பேர் பயந்துபோய் "கன்டினியூ பூட்" அழுத்திடுறாங்க. அங்க "என்ரோல் மோக்" தேர்ந்தெடுத்து, வெச்ச பாஸ்வேர்டைப் போடணும். அவ்வளவுதான்.

பேரணி: பிராசசரும் பயாஸும்

விர்ச்சுவலைசேஷனுக்குன்னு பிராசசருக்குள்ளயே ஒரு வசதி உண்டு. இன்டெல்ல விடி-எக்ஸ், 2005-ல வந்தது. ஏஎம்டில ஏஎம்டி-வி, 2006-ல வந்தது. பிராசசர்ல வசதி இருந்தும் பயாஸ்ல அது ஆஃப் ஆகியிருக்கலாம். எரர் மெசேஜ்லயே "டிசேபிள்டு இன் த பயாஸ்"னு எழுதியிருக்கும். படிச்சாலே போதும், ஆனா சிவப்பைப் பார்த்ததும் யாரும் படிக்கிறதில்லை!

விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், அதுல சிபியூ. கீழ "விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு" இருக்கா "டிசேபிள்டு" இருக்கான்னு பாருங்க. லினக்ஸ்ல டெர்மினலைத் திறந்து "எல்எஸ்சிபியூ"ன்னு ஒரே சொல்லா அடிச்சா பிராசசர் விவரத்தோட இதுவும் வரும்.

ஆஃப்ல இருந்தா, ரீஸ்டார்ட் பண்ணி பயாஸுக்குள்ள போங்க. எஃப்2, எஃப்10, டெலீட், இதுல எந்த பட்டன்ங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இன்டெல்னா "விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி"ன்னு இருக்கும். ஏஎம்டின்னா "எஸ்விஎம் மோடு". ஆன் பண்ணி, சேவ் பண்ணி, மெஷினை முழுசா அணைச்சுட்டு எழுப்புங்க. ஒரு எச்சரிக்கை: விண்டோஸ்ல பிட்லாக்கர் ஓடிக்கிட்டிருந்தா, பயாஸ்ல கை வெச்சதும் ரிகவரி கீ கேட்க வாய்ப்பு இருக்கு. அதை முன்னாடியே எடுத்து எழுதி வெச்சுக்கங்க.

கடையில கொடுத்தா "போர்டு பழசு, வேற லேப்டாப் பாருங்க"ன்னு சொல்ற கதைகளைக் கேட்டிருப்பீங்க. செலவு பண்றதுக்கு முன்னாடி இந்த ஒரு ஆப்ஷனைப் பாருங்க. இதுக்குக் காசு கிடையாது.

விக்கிரவாண்டி: வேற யாரோ பிடிச்சு வெச்சிருக்காங்க

பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ விக்கிரவாண்டி டோல்கேட் எப்படி இருக்கும்? இப்போ நாலஞ்சு லேன் இல்லாம ஒரே ஒரு லேன்தான்னு நினைச்சுக்கங்க. பிராசசரோட விர்ச்சுவலைசேஷன் வசதி அப்படித்தான். ஒருத்தர் கையில எடுத்துட்டா இன்னொருத்தருக்கு நேரடி வழி கிடையாது.

விண்டோஸ்ல அந்த ஒருத்தர் பொதுவா ஹைப்பர்-வி. நான் ஹைப்பர்-வியே போடலையேன்னு சொல்வீங்க. டபிள்யூஎஸ்எல் 2 போட்டிருக்கீங்களா? டாக்கர் டெஸ்க்டாப்? நான் முன்னாடி சொன்ன மெமரி இன்டக்ரிட்டி? எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது அந்த ஹைப்பர்வைசர்தான். இந்த நேரத்துல விர்ச்சுவல்பாக்ஸ் ஹைப்பர்-வி மேலயே ஏறி ஓடப் பார்க்கும். ஓடினா விஎம் ஜன்னலோட கீழ் ஓரத்துல ஒரு பச்சை ஆமை ஐகான் தெரியும். நிஜமாவே ஆமை! மெதுவா ஓடுறேன்னு அதுவே ஒத்துக்குது.

மெதுவா ஓடினாலும் உங்க வேலை நடக்குதுன்னா விட்டுடுங்க. ஓடவே இல்லைன்னா விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல போய் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூணுலயும் டிக்கை எடுக்கணும். அப்போ டபிள்யூஎஸ்எல் 2-வும் டாக்கரும் படுத்துடும். மெமரி இன்டக்ரிட்டியை அணைச்சா பாதுகாப்பு ஒரு படி குறையும். எது வேணும்னு யோசிச்சு முடிவு பண்ணுங்க.

லினக்ஸ்ல அந்த ஒருத்தர் கேவிஎம். கெர்னல் 6.12-க்கு மேல, மத்ததெல்லாம் சரியா இருந்தும் "விஎம்எக்ஸ் ரூட் மோடு" அப்படின்னு சொற்கள் வர்ற எரர் வந்தா இதேதான். தற்காலிகமா கேவிஎம் இன்டெல் அல்லது கேவிஎம் ஏஎம்டி மாட்யூலை இறக்கிடலாம். நிரந்தரமா வேணும்னா பூட் ஆகும்போது கெர்னலுக்கு ஒரு அளவுரு கொடுக்கணும்: கேவிஎம், புள்ளி, எனேபிள் விர்ட் அட் லோட், சமம், பூஜ்யம். அந்த நாலு சொல்லுக்கும் நடுவுல அண்டர்ஸ்கோர். இல்லைன்னா பேசாம கேவிஎம்மையே பயன்படுத்தலாம். 2007-ல இருந்தே லினக்ஸ் கெர்னல்ல அது கூடவே வருது.

முண்டியம்பாக்கம்: ராமும் இடமும்

லேப்டாப்ல மொத்தமே 4 ஜிபி ராம். விஎம்முக்கும் 4 ஜிபி கொடுத்தா ஹோஸ்ட் எதை வெச்சுப் பிழைக்கும்? பாதிக்கு மேல கொடுக்காதீங்க. 4 ஜிபி மெஷின்ல முழு உபுண்டு டெஸ்க்டாப்பை ஓட்டுறதை விட, எக்ஸ்எஃப்சிஇ மாதிரி லேசான டெஸ்க்டாப்பையோ, டெஸ்க்டாப்பே இல்லாத சர்வர் பதிப்பையோ போடுங்க. சி கம்பைலருக்கு வால்பேப்பர் எதுக்கு?

டிஸ்க்கு விஷயத்துல ஒரு சூட்சுமம். விடிஐ ஃபைல் பொதுவா ஊதி ஊதிப் பெருசாகிற ரகம். 50 ஜிபின்னு உருவாக்கினாலும் முதல் நாள் சில ஜிபிதான் பிடிக்கும். உள்ள போடப் போட வளரும். வளர ஹோஸ்ட்ல இடம் இல்லைன்னா விஎம் அப்படியே நின்னுடும். ஹோஸ்ட்ல பழைய படங்களை அழிச்சு இடம் கொடுத்தா மறுபடி ஓடும்.

விழுப்புரம்: கெஸ்ட் எழுந்திருக்குதா?

கறுப்புத் திரையில "நோ பூட்டபிள் மீடியம்"னு வந்தா சந்தோஷப்படுங்க. வண்டி விழுப்புரம் வந்துடுச்சு. விர்ச்சுவலைசேஷன், டிரைவர், ராம் எல்லாம் சரி. உள்ள ஓஎஸ் இல்லை, அவ்வளவுதான். ஐஎஸ்ஓ ஃபைலை மாட்ட மறந்திருப்பீங்க, இல்லைன்னா டிஸ்க் இணைப்பு கழண்டிருக்கும். ஸ்டோரேஜ் செட்டிங்ல பாருங்க. இதுக்குப் போய் பயாஸைத் திறக்க வேண்டாம்.

ஒரு ஃபோன் கால்

திண்டிவனத்துல இருந்து ஒரு தம்பி, கடைசி வருஷம். அக்காவுக்கு ஸ்கூல்ல கிடைச்ச லேப்டாப்தான் இவனுக்கு. பேட்டரி எப்பவோ போயாச்சு, சார்ஜர் சொருகியிருந்தா மட்டும் ஓடும். புராஜெக்ட் மொத்தமும் விஎம்முக்குள்ள. ராத்திரி வேலை பார்த்துக்கிட்டிருந்தப்போ கரன்ட் கட். காலையில திறந்தா இன்ஆக்சஸிபிள். ரெண்டு நாள்ல ரிவ்யூ. எனக்கு ஃபோன் பண்ணினப்போ அவன் விரல் "ரிமூவ்" மேல இருந்துச்சு. அதுல "டிலீட் ஆல் ஃபைல்ஸ்"னு ஒரு ஆப்ஷன் வரும். அதை அழுத்தியிருந்தா விடிஐயும் சேர்ந்து போயிருக்கும்.

"தம்பி, கையை எடு. முதல்ல அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடு"ன்னேன். பென் டிரைவ்ல ஏறலைன்னான். அது ஃபேட்32 ஃபார்மட். 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலை அது தாங்காது. நண்பனோட எக்ஸ்டர்னல் டிஸ்க்கு வாங்கி வந்து காப்பி எடுத்தான். அப்புறம்தான் ஃபோல்டரைப் பார்த்தோம். விபாக்ஸ் ஃபைலோட அளவு பூஜ்யம். கரன்ட் போன நொடியில எழுதிக்கிட்டிருந்த சீட்டு வெத்தாயிடுச்சு. ஆனா பக்கத்துலயே அதே பேருல, கடைசியில "பிரெவ்"னு சேர்த்து இன்னொரு ஃபைல். விர்ச்சுவல்பாக்ஸ் தானாவே வெச்சுக்கிற முந்தைய பிரதி அது. வெத்து ஃபைலோட பேரை மாத்தி ஒதுக்கிட்டு, அந்தப் பிரதியை விபாக்ஸ் பேருக்கு மாத்தினான். ரிஃப்ரெஷ் கொடுத்தான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அண்ணா, வந்துடுச்சுண்ணா."

அந்தப் பிரதியும் இல்லைன்னா? புது விஎம் ஒண்ணு உருவாக்கி, டிஸ்க்கு கேட்கிற இடத்துல "எக்ஸிஸ்டிங்" தேர்ந்தெடுத்து பழைய விடிஐயைக் காட்டினா போதும். சீட்டு புதுசு, சரக்கு பழசு.

2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்போ நம்ம மாவட்டம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். கரன்ட் போறது நம்ம ஊர்ல எப்பவும் நடக்கக்கூடிய விஷயம். அதனால விஎம் வேலையை முடிச்சா ஷட் டவுன் பண்ணுங்க. வாரம் ஒரு தடவை ஃபைல் மெனுவுல "எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்" கொடுத்து, ஒரே ஓவிஏ ஃபைலா வெளிய எடுத்து வைங்க.

ஸ்டேஷன் மாஸ்டரோட ரெஜிஸ்டர்

இதெல்லாம் எப்படி நினைவு வெச்சுக்கிறதுன்னு கேட்டா, நினைவு வைக்கவே வேணாம். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் விர்ச்சுவல்பாக்ஸ் எல்லாத்தையும் ஒரு லாக் ஃபைல்ல எழுதுது. விஎம் மேல ரைட் கிளிக் பண்ணி "ஷோ லாக்". நூத்துக்கணக்கான வரி ஓடும், மிரளாதீங்க. தேடல் பெட்டியில "வெர்"னு, அதாவது வி, இ, ஆர், ஆர் நாலு எழுத்தையும் ஒரு அண்டர்ஸ்கோரையும் போடுங்க. எரர் பேரெல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். அதுல முதல்ல வர்றதைப் பிடிங்க. கடைசியில வர்றது பெரும்பாலும் முதல் அடியோட எதிரொலிதான். அந்த முதல் வரி எந்த ஸ்டேஷன்னு சொல்லிடும்.

அதுக்கப்புறம் ஒரே நேரத்துல ஒரே ஒரு மாற்றம். மாத்து, ஸ்டார்ட் கொடு, பார். சரியாகலைன்னா பழையபடி வெச்சுட்டு அடுத்தது. அஞ்சை ஒண்ணா மாத்தினா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது. அடுத்த தடவை நின்னா மறுபடி முதல்ல இருந்துதான்.

தனியா முட்டிக்க வேண்டிய அவசியமும் இல்லை. விழுப்புரத்துல க்னூ/லினக்ஸ் பயனர் குழு பத்து வருஷத்துக்கு மேலா கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருக்காங்க. போய்க் கேளுங்க. போகும்போது "ஓடலை"ங்கிற ஒத்தை வார்த்தையோட போகாதீங்க. லாக் ஃபைலோட போங்க. ஹோஸ்ட் என்ன ஓஎஸ், எவ்வளவு ராம், கடைசியா எப்போ ஓடுச்சு, அதுக்கப்புறம் என்ன மாறுச்சு, இந்த நாலையும் எழுதிக்கிட்டுப் போங்க. எழுதும்போதே பாதி பேருக்கு விடை கிடைச்சுடும்.

எனக்கு மெசேஜ் அனுப்புறவங்களுக்கும் இதேதான். ஸ்க்ரீன்ஷாட்டோட லாக்கையும் அனுப்புங்க. எந்த ஸ்டேஷன்னு சேர்ந்து பார்ப்போம். அதுவரைக்கும் அந்த ரிமூவ் பட்டன் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.